கெட்டுப்போன கண்ணீர்ப்புகை

முதல் உலகப்போரில் ஜெர்மானியரை அழவைக்கப் பிரெஞ்சு ராணுவம் ஒரு வழி கண்டது. அந்த ஆயுதம் நம் அடுப்படியிலேயே தயாராகிறது. எண்ணெய் தீய்ந்து புகையும்போது கண்ணைக் கரிக்குமே, அந்த அக்ரோலின். வடை சுடுகிற யாரைக் கேட்டிருந்தாலும் அதன் வீரியத்துக்குச் சான்றிதழ் தந்திருப்பார்கள்.

ஆனால் இந்த அக்ரோலின் வீரர் பொறுமைசாலி இல்லை. சேமித்து வைத்தால், துளி ஆக்சிஜன் பட்டாலே வெள்ளைப் பிசினாக இறுகிவிடும். அதை எறிந்தால் எதிரிக்குக் கண் கலங்காது. மண்டை வேண்டுமானால் வீங்கும்.

பாரிஸில் வேதியியலர்கள் ஷார்ல் மூரோவும் ஷார்ல் துஃப்ரேஸும் இந்தத் தலைவலியை எடுத்துக்கொண்டார்கள். போட்டோ கழுவும் இருட்டறையில் புழங்குகிற ஹைட்ரோகுவினோனைச் சிட்டிகை சேர்த்ததும் அக்ரோலின் ஒழுங்காக அடங்கிக் கிடந்தது. ஃபீனால் குடும்பத்துச் சரக்கு அது. போர் முடிந்தது, அழவைக்க ஆள் இல்லை, வித்தை மட்டும் மிஞ்சியது.

1954 மார்ச் 11. மிலானில் வேதியியலர் ஜூலியோ நட்டா பாலிப்ரோப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கைச் செய்தார். பார்க்க லட்சணம், உள்ளே பலவீனம். அதன் மூலக்கூறுச் சங்கிலியில் ஒன்றுவிட்டு ஒரு கார்பனில் லேசாகப் பிடித்திருக்கும் ஹைட்ரஜன். அச்சில் வார்க்க 200 டிகிரிக்கு மேல் சூடாக்கினால் ஆக்சிஜனுக்குக் கொண்டாட்டம். ஹைட்ரஜனைப் பறிகொடுத்த இடம் ஆக்சிஜனைச் சேர்த்துக்கொண்டு பக்கத்துச் சங்கிலியில் கைமாற்று வாங்கும்; அது இன்னொன்றிடம் வாங்கும். இந்தக் கடன் சுழற்சியில் சங்கிலிகள் அறுந்து பிளாஸ்டிக் நொறுங்கும்.

குறுக்கே வந்தது ஃபீனால். தன் ஹைட்ரஜனைக் கொடுத்துக் கடனை அடைத்துவிட்டு, யாரிடமும் கை நீட்டாமல் உட்கார்ந்துவிடும். தோளின் இருபுறமும் பருத்த கிளைகளைக் காவல் வைத்த ஃபீனால் என்றால் இன்னும் உத்தமம். ஆயுதம் பிளாஸ்டிக்காகிவிடாமல் தடுத்த வித்தை, பிளாஸ்டிக்கையே காக்க வந்தது. அக்ரோலினுக்குத் தெரிந்தால் அழும்.

மோன்டேகத்தினி கம்பெனி பாலிப்ரோப்பிலீனுக்கு ‘மோப்ளென்’ என்று பெயர் வைத்தது. நகைச்சுவை நடிகர் ஜீனோ பிரமியேரி இத்தாலியத் தொலைக்காட்சியில் மோப்ளென் சாமான்களைக் கையில் வைத்துக்கொண்டு வீடுவீடாகச் சிரிக்கவைத்தார். 1963இல் நட்டாவும், வினையூக்கியை உருவாக்கிக் கொடுத்துவிட்டு அப்புறம் அவரோடு மனஸ்தாபப்பட்ட கார்ல் ஜீக்லரும் நோபலைப் பங்கு போட்டார்கள். ‘நாங்கள் 1951இலேயே செய்தோம்’ என்று வழக்காடிய பிலிப்ஸ் பெட்ரோலியம், அமெரிக்கக் காப்புரிமையை 1983இல்தான் கையில் வாங்கியது.

அதற்குள் பல மோப்ளென் வாளிகளுக்கே வயதாகிவிட்டிருக்கும்.