கல்லாவில் ஏறாத கணக்கு

கேள்வி: வியாபாரமும் சுற்றுச்சூழலும் ஒத்துப்போகுமா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.
(வாசகி, பெங்களூரு மல்லேஸ்வரம் 8வது கிராஸ்)

பதில்: போகும். இன்னும் இரண்டு வரிக்கு இடம் கொடுங்கள் அம்மா. குப்பைக்கும் சாக்கடைக்கும் புகைக்கும் ஆகும் செலவு கடைக்காரரின் கல்லாவில் ஏறவில்லை என்றால், எங்கோ ஒருவர் அதைத் தன் கிணற்றாலோ நுரையீரலாலோ கட்டிக்கொண்டிருக்கிறார். அந்தச் செலவு கல்லாவுக்கு வந்துவிட்டால் சண்டை பாதி தீர்ந்தது.

கேள்வி: எங்கள் தரிசினி ஹோட்டலில் எவர்சில்வர் டம்ளர் கழுவத் தண்ணீர் வேண்டும். 2024 கோடையில் டேங்கருக்குக் கொடுத்தே கட்டுப்படியாகவில்லை. பேப்பர் கப்புக்கு மாறினால் தப்பா?
(ஹோட்டல்காரர், மார்கோசா ரோடு)

பதில்: உங்கள் கஷ்டம் நிஜம். காவிரித் தண்ணீர் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் பயணம் செய்து, அரை கிலோமீட்டர் உயரம் பம்ப் செய்யப்பட்டுத்தான் உங்கள் குழாய்க்கு வருகிறது. ஆனாலும் டம்ளரை விட்டுவிடாதீர்கள். பேப்பர் கப்பின் உள்ளே ஒரு பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது. அது இருப்பதால்தான் காபி ஒழுகுவதில்லை. அது இருப்பதால்தான் கப் மட்குவதும் இல்லை, பழைய பேப்பர்க்காரர் எடுப்பதும் இல்லை. கரக்பூர் ஐஐடி ஆய்வாளர்கள் 2020-ல் இந்தக் கப்பில் 15 நிமிடம் சூடான நீரை வைத்துப் பார்த்தார்கள். 100 மில்லியில் சுமார் 25,000 பிளாஸ்டிக் நுண்துகள்கள் இருந்தன. தமிழ்நாடு 2019 ஜனவரி 1 முதலே இந்த வகைக் கப்பைத் தடை செய்துவிட்டது.

தண்ணீரை மிச்சம் பிடிக்க வழி இருக்கிறது. 2024 மார்ச்சில் குடிநீர் வாரியம் ஹோட்டல்களுக்குக் கட்டாயமாக்கிய ஏரேட்டரைக் குழாயில் கழற்றாமல் வைத்திருங்கள். டம்ளர் அலசிய நீரைக் கழிப்பறைக்குத் திருப்புங்கள். அந்தத் தண்ணீருக்கு இரண்டாவது வேலை கொடுக்க முடியும், கப்புக்கு முடியாது.

கேள்வி: இட்லித் தட்டில் துணிக்குப் பதில் பிளாஸ்டிக் தாள் போடுகிறார்களே?
(வாசகர், 15வது கிராஸ்)

பதில்: 2025 பிப்ரவரியில் கர்நாடக சுகாதாரத் துறையே அதைத் தடுத்துவிட்டது. சமையலறையை எட்டிப் பாருங்கள். துணி தெரியவில்லையா, அடுத்த கடைக்கு நடங்கள்.

கேள்வி: கர்நாடகத்தில் 2016 மார்ச்சிலேயே பிளாஸ்டிக் பைக்குத் தடை. சம்பிகே ரோட்டில் பூவும் கீரையும் இன்னும் அதில்தான் வருகின்றன. தடை போட்டு என்ன பயன்?
(வாசகி, மல்லேஸ்வரம்)

பதில்: தடையில் தவறில்லை, அதை எங்கே பிடிக்கிறோம் என்பதில்தான் தவறு. பூக்கார அம்மாவுக்கு அபராதம் போடுவது சுலபம், ஏனென்றால் அவர் நடைபாதையில் கண்ணெதிரே உட்கார்ந்திருக்கிறார். பக்கத்துக் கடையில் பை கொடுத்தால் அவரும் கொடுத்தே ஆக வேண்டும். இல்லையென்றால் அன்றைய மல்லிகை வாடிவிடும். பையைத் தயாரிக்கும் ஆலையின் கதவைத் தட்டினால் ஆயிரம் பூக்காரர்களை விரட்ட வேண்டியதில்லை. தயாரித்தவரே திரும்பப் பெற வேண்டும் என்ற விதி நாடு முழுக்க இருக்கிறது. அதிகாரிகள் அதைக் கையில் எடுக்கட்டும், நாம் கூடையை எடுப்போம்.

கேள்வி: ஹோட்டல் குப்பையை நாங்களே பார்த்துக்கொள்ள வேண்டுமாம். வரி எதற்குக் கட்டுகிறோம்?
(கேட்டரிங் நடத்துபவர், மல்லேஸ்வரம்)

பதில்: நகருக்கு வெளியே இருக்கும் மண்டூருக்கு ஒருமுறை போய் வந்து இதே கேள்வியைக் கேளுங்கள். 2012-ல் மாவள்ளிபுரா குப்பைக் கிடங்கை மூடியபோது நகரத்தின் குப்பைச் சுமை மண்டூர் தலையில் விழுந்தது. நம் வாழையிலையும் மிச்ச சாம்பாரும் பிளாஸ்டிக்கோடு கலந்து அங்கே மலையாகக் குவிந்தன. நிலத்தடி நீர் கெட்டது, வீட்டுக்குள் ஈ மொய்த்தது. ஊர் மக்கள் சாலையில் உட்கார்ந்து லாரிகளை மறித்த பிறகுதான், 2014 டிசம்பரில் குப்பை போவது நின்றது. அவர்கள் நம் ஹோட்டலில் ஒரு காபிகூடக் குடித்திருக்க மாட்டார்கள்.

நாளுக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை சேர்ந்தால் நீங்கள் பெருமளவில் குப்பை உருவாக்குபவர். 2016 விதிகளே அப்படிச் சொல்லிவிட்டன. ஈரக் குப்பையைத் தனியே பிரித்தால் அது உரம், அல்லது கேஸ். உலர்ந்ததைப் பிரித்தால் ஹசிரு தளா போன்ற அமைப்புகளில் இருக்கும் குப்பை பொறுக்கும் தொழிலாளர்களுக்கு அது வருமானம். கலந்துவிட்டால் யாருக்கும் எதுவும் இல்லை.

கேள்வி: மல்லேஸ்வரத்துக் கதை எங்களுக்கு எதற்கு?
(வாசகர், சேலம்)

பதில்: உங்கள் மேட்டூர் அணைக்காகத்தான். காடு மல்லேஸ்வரர் கோயிலுக்கு எதிரே நந்தி தீர்த்தம் இருக்கிறது. விருஷபாவதி ஆறு பிறக்கும் இடங்களில் ஒன்று அது என்பது இந்த ஊர் நம்பிக்கை. நந்தியின் வாயிலிருந்து சிவலிங்கத்தின் மேல் தெளிந்த நீர் விழுகிறது. அதே ஆற்றை மைசூர் ரோட்டில் பார்த்தால் மூக்கைப் பொத்திக்கொள்வீர்கள். நகரத்துச் சாக்கடையும் பீன்யா தொழிற்பேட்டைக் கழிவும் சேர்ந்து கறுப்பாக ஓடி பைரமங்கலா ஏரியில் விழுகின்றன. அங்கே பல விவசாயிகள் நெல்லை விட்டு பேபி கார்னுக்கும் தீவனப் புல்லுக்கும் மாறிவிட்டார்கள். பிறகு அந்த நீர் அர்க்காவதியில் கலந்து, கனகபுரா பக்கம் சங்கமத்தில் காவிரியில் சேர்ந்து, ஒகேனக்கல் வழியாக உங்கள் அணைக்கு வருகிறது. இத்தனை டிஎம்சி வேண்டும் என்று கேட்கும் நாம், எப்படிப்பட்ட தண்ணீர் என்றும் கேட்க வேண்டும்.

கேள்வி: இறுக்கிப் பிடித்தால் தொழில் ஓடிவிடாதா?
(வாசகர், திருப்பூர்)

பதில்: நீங்களே சாட்சி அல்லவா! 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. தொழிலாளர்கள் வேலை இழந்து பட்ட பாட்டை யாரும் குறைத்துச் சொல்லக்கூடாது. ஆனால் கழிவுநீரை வெளியே விடாமல் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் முறைக்குத் திருப்பூர் மாறியது, இன்றும் பனியன் ஏற்றுமதி செய்கிறது. நொய்யல் ஆறும் ஒரத்துப்பாளையம் அணையும் நாறிய பிறகு செய்ததை, 1996-ல் வேலூர் தோல் ஆலைகள் வழக்கில் உச்ச நீதிமன்றம் ‘கெடுத்தவரே கட்ட வேண்டும்’ என்று சொன்ன அன்றே தொடங்கியிருந்தால், அந்த வேலைகளில் பலவற்றைக் காப்பாற்றியிருக்கலாம்.

கேள்வி: பச்சை இலை படம் போட்ட பொட்டலத்தை நம்பலாமா?
(மாணவி, மல்லேஸ்வரம்)

பதில்: படத்தை நம்பாதே அம்மா, ஆதாரம் கேள். 2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, ‘சுற்றுச்சூழலுக்கு உகந்தது’ என்று போடும் நிறுவனம் அதற்குச் சான்று காட்டியாக வேண்டும்.

கேள்வி: மகள் கல்யாணம். கேட்டரிங்காரர் இலைக்கு இலை குட்டித் தண்ணீர் பாட்டில் வைப்பேன் என்கிறார். மறுத்தால் கௌரவக் குறைச்சலா?
(வாசகி, மல்லேஸ்வரம்)

பதில்: எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் ஊற்றி உபசரிப்பதில் என்ன குறைச்சல்? பாட்டில் கூடாது என்று அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள், கொடுத்த பிறகு பேசினால் நடக்காது. டம்ளரும் தட்டும் போதாது என்றால், பெங்களூரு அதம்ய சேதனா அமைப்பின் தட்டு வங்கியில் விசாரியுங்கள். மணமக்களுக்கு என் ஆசி.