நூற்றுக்கு ஏழு

அமெரிக்கக் குடியேற்றச் சட்டமே, சமநீதியில் உன்னை விஞ்ச ஆளில்லை. வேலை வழியாகத் தரும் கிரீன் கார்டு ஆண்டுக்கு ஏறத்தாழ 1,40,000. மனைவி மக்களுக்கும் அதிலேதான் பங்கு. எந்த நாட்டில் பிறந்தவர்களுக்கும் நூற்றுக்கு ஏழுதான் உச்சவரம்பு. பிறர் எடுத்தது போக மிஞ்சினால்தான் கூடுதல். நான்கு லட்சம் பேர்கூட இல்லாத ஐஸ்லாந்துக்கும் நூற்று நாற்பது கோடிப் பேர் வாழும் இந்தியாவுக்கும் ஒரே மரக்காலால் அளக்கும் கை உன்னுடையது.

பிறந்த மண்ணை நீ மதிப்பதுபோல் நாங்களே மதித்ததில்லை. குவைத்தில் வேலை பார்க்கும் ஒரு தமிழ்க் குடும்பம். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தாள் அம்மா. அண்ணன் மதுரையில் பிறந்தான். அடுத்த முறை ஊருக்கு வர முடியவில்லை. தம்பி குவைத்திலேயே பிறந்தான். இருவரும் இந்தியக் குடிமக்கள். ஒரே படிப்பு, ஒரே வேலை என்றாலும், தம்பியைக் குவைத் கணக்கில் எழுதிச் சீக்கிரமே கார்டு தருகிறாய். அண்ணனை இந்திய வரிசையில் நிறுத்தி, தலை நரைக்கும்வரை பொறுமை கற்றுத்தருகிறாய். எங்கள் அம்மாக்களின் வழக்கத்தை நீ ஒரு சொல்லால்கூடப் பழித்ததில்லை. அந்தப் பண்பு பெரிது.

உன் நிதானமும் அப்படித்தான். 2025 ஆகஸ்டில், வேலைவழிக் கார்டின் இரண்டாம் பிரிவில் இந்தியர்களுக்கான வரிசையில் நீ அழைத்துக்கொண்டிருந்தது 2013 பிறப்பதற்கு முன்பே வரிசைக்கு வந்துவிட்டவர்களை. பின்னோக்கி நடக்கவும் நீ தயங்கியதில்லை: 2022 அக்டோபரில் 2012 ஏப்ரலைத் தொட்ட அழைப்புத் தேதி, அதே ஆண்டு டிசம்பரில் 2011 அக்டோபருக்குத் திரும்பியது. கோப்புகளை எடுத்துவைத்து, மருத்துவப் பரிசோதனைக்கு நாள் குறித்தவர்கள் மீண்டும் காத்திருந்தார்கள்.

பிள்ளைகளின் பிறந்தநாளைப் பெற்றோரைவிட நீயே கவனமாக எண்ணுகிறாய். நான்கு வயதில் வந்து அங்கேயே வளர்ந்த பெண்ணாகவே இருக்கட்டும், மனு பரிசீலனையில் கிடந்த மாதங்களைக் கழித்துப் பார்த்தும் 21 நிறைந்துவிட்டால், அப்பாவின் வரிசையிலிருந்து அவளை விடுவித்துவிடுகிறாய். இனி அவள் தனக்கென ஒரு விசா தேட வேண்டும், இல்லையேல் நாட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும். அவளுக்குத் தெரிந்த ஒரே ஊர் அதுதான் என்பதற்காக நீ நெறி தவறியதில்லை.

வேலை விசாவில் இருக்கையில் வேலை போனவருக்கும் 60 நாள்வரை தருகிறாய்: வேறு வேலை தேட, கிடைக்காவிட்டால் வீட்டை விற்க, பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்த. பத்தாண்டு நிறையாமல் அப்படித் திரும்புகிறவர் மாதந்தோறும் கட்டிய ஓய்வூதிய வரி தொலைந்துபோகுமோ என்ற கவலையும் வேண்டாம். அதை நீயே பத்திரமாக வைத்துக்கொள்கிறாய்.