சத்தத்துக்குச் சாட்சி

இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை குடியிருப்புப் பிரதேசங்களில் ஒலி 45 டெசிபலைத் தாண்டலாகாது என்று 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் கருணையோடு வகுத்திருக்க, மவுண்ட்–பூந்தமல்லி சாலையில் காட்டுப்பாக்கத்தைக் கடக்கும் மோட்டார் சைக்கிள் வாலிபர்களோ, சைலன்சருக்குள் இருந்த தடுப்புகளை மெக்கானிக்கைக் கொண்டு உருவி எறிந்துவிட்டு, நிறுத்தி வைத்த கார்களின் அலாரம் அலற, தெருநாய்கள் ஊளையிட, தங்கள் பிரயாணத்தைத் தொட்டில் சிசுக்கள் உட்பட சகல ஜனங்களுக்கும் பிரகடனம் செய்தவண்ணம் போகிறார்கள்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 190-ஆவது பிரிவு 10,000 ரூபாய் வரை அபராதம், 3 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று கர்ஜிக்கிறது. விசித்திரம், அந்தக் கர்ஜனை மட்டும் யார் காதிலும் விழுவதில்லை. ஹெல்மெட் இல்லாத சிரசைக் காமிரா கண்டுவிடும். சத்தத்தை நிரூபிக்கவோ கருவி வேண்டும், கருவி வந்து சேர்வதற்குள் வண்டி குமணன்சாவடியைத் தாண்டியிருக்கும்.

விசாகப்பட்டினம் முதலான நகரங்களில், பறிமுதல் செய்த சைலன்சர்களைச் சாலையில் வரிசையாகப் பரப்பி, பத்திரிகைக்காரர்கள் படம்பிடிக்க, ரோடு ரோலர் ஏற்றி நசுக்கியிருக்கிறார்கள். அந்த வைபவத்தில் எழுந்த ஒலி எத்தனை டெசிபல் என்று விசாரிப்பது மரியாதையாகாது.