பேஸிக் முடித்தவர்

நெய்வேலி டவுன்ஷிப்பில் வட்டத்துக்கு ஒருவராவது இருப்பார், பேஸிக் முடித்தவர். பி.இ. முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கும் பையனாக இருக்கலாம். ஓய்வு பெற்று, குவார்ட்டர்ஸைக் காலி செய்யும் தேதியை நினைத்துப் பெருமூச்சு விடும் ஃபோர்மேனாக இருக்கலாம். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு மெயின் பஜார் பக்கம் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போகும் இல்லத்தரசியாகவும் இருக்கலாம். ஆள் மாறினாலும் பதில் மாறாது. "என்னென்ன தெரியும்?" என்று கேட்டால், "கோரல் பேஸிக், இல்லஸ்ட்ரேட்டர் பேஸிக், ஃபிளாஷ் பேஸிக் எல்லாம் முடிச்சாச்சு. அடுத்து ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் பேஸிக் போகணும்" என்பார். சரி, வரைந்ததில் ஒன்றைக் காட்டுங்கள் என்றால் பென் டிரைவைத் தேடி எடுப்பார். அதில் ஒரு சிவப்புப் பந்து இடது ஓரத்தில் கிளம்பி, லிஃப்ட் போல ஒரே வேகத்தில் நகர்ந்து, வலது ஓரம் போய் நின்றுகொள்ளும். அவ்வளவுதான் படம். பந்து ஏன் கிளம்பியது, எங்கே போகிறது என்றெல்லாம் கேட்கக் கூடாது. அது சிலபஸில் இல்லை.

இவருக்கு ஒன்றும் தெரியாது என்று சொன்னால் பாவம் வந்து சேரும். எஃப் 5 அழுத்தினால் ஃபிரேம் நீளும், எஃப் 6 கீஃபிரேம் போடும், எஃப் 7 வெற்றுக் கீஃபிரேம் போடும் என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். மோஷன் ட்வீனுக்கும் ஷேப் ட்வீனுக்கும் உள்ள வேறுபாட்டை டீக்கடையில் நின்று விளக்குவார். பக்கத்து வீட்டு ஆன்ட்டி நம்பிக்கையோடு வந்து, "தம்பி, பாப்பாவுக்குப் பொறந்தநாள் வருது, ஒரு பேனர் போட்டுக் குடுப்பா" என்று கேட்டால்தான் சிக்கல். "ஆன்ட்டி, உங்களுக்கு வெக்டாரா வேணுமா, பிட்மேப்பா?" "எனக்கு ரோஸ் கலர்ல வேணும்பா." இவர் விடமாட்டார். வெக்டார் படம் கோடுகளின் கணக்காகச் சேமிக்கப்படுவது, அதனால் தபால்தலை அளவிலிருந்து ஃபிளெக்ஸ் அளவுக்குப் பெரிதாக்கினாலும் விளிம்பு உடையாது. பிட்மேப் புள்ளிகளால் ஆனது, இழுத்தால் கட்டம் கட்டமாகத் தெரியும் என்று பாடம் நடக்கும். பாடத்தில் பிழையே இருக்காது. பேனர் மட்டும் மந்தாரக்குப்பத்துக் கடையில், பேஸிக் என்ற சொல்லையே கேட்டிராத ஒருவர் கையால் அரைமணி நேரத்தில் தயாராகிவிடும்.

இந்த இனம் எல்லா ஊரிலும் உண்டு. ஆனாலும் நெய்வேலியில் இத்தனை செழிப்பாக வளர்வதற்குக் காரணம் இருக்கிறது. 1956-இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கிய நாள்முதல் இந்த ஊர் இயந்திரத்தை மதிக்கக் கற்ற ஊர். சுரங்கத்தில் மேல்மண்ணை வாரும் சக்கர வாளி இயந்திரங்களை 350 லிட்டர், 700 லிட்டர், 1400 லிட்டர் என்று வாளியின் கொள்ளளவை வைத்துத்தான் பேசுவார்கள். அப்படி ஒன்றின் மேல் ஏறி, "சும்மா ஓட்டித்தான் பார்ப்போமே" என்று லீவரை இழுக்க யாரையும் விடமாட்டார்கள்; விடவும் கூடாது. முதலில் பயிற்சி, பிறகு தகுதி, அதற்குப் பிறகுதான் இயந்திரம். தவறினால் உயிர் போகும். ஊரைக் காப்பாற்றும் இந்த ஒழுங்கை நம்மவர் அப்படியே மேசைக் கணினிக்கு மாற்றிக்கொண்டார். பயிற்சி முழுசாக முடியாமல் படம் வரைவது விதிமீறல் என்று எண்ணுகிறார். வரைகலை மென்பொருளில் தவறின் விலை என்ன? கன்ட்ரோல் இசட். வாளி இயந்திரத்தில் அந்தப் பொத்தான் இல்லை என்பதற்காக ஏற்பட்ட ஒழுங்கை, அது இருக்கிற இடத்தில் கடைப்பிடிப்பதுதான் இவருடைய நோய். சுரங்கத்தில் பழகிய பெரியவர் ஒருவர் இங்கே குறுக்கிடலாம்: "யார் சொன்னா? நாங்களும் சீனியர் பக்கத்துல உட்கார்ந்து, லீவரைத் தொட்டுத்தானே கத்துக்கிட்டோம்!" நியாயம். அப்படியென்றால் நம்மவர் சுரங்கத்தின் எச்சரிக்கையை மட்டும் எடுத்துக்கொண்டு, பழக்கத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கிறார்.

இந்தக் கருவிகள் பிறந்த கதையும் அவருக்கு எதிராகத்தான் சாட்சி சொல்கிறது. ஃபிளாஷ் முதலில் அசைவுப்படக் கருவியே அல்ல. ஃபியூச்சர்வேவ் என்ற சிறு நிறுவனத்தில் ஜொனாதன் கே குழுவினர், திரையில் பேனாவால் வரைவதற்காக ஸ்மார்ட்ஸ்கெட்ச் என்று ஒன்றைச் செய்தார்கள். இணையம் பரவத் தொடங்கியபோது அதில் அசைவைச் சேர்த்து, 1996-இல் ஃபியூச்சர்ஸ்பிளாஷ் அனிமேட்டர் என்று வெளியிட்டார்கள். மேக்ரோமீடியா அதை வாங்கி ஃபிளாஷ் என்று பெயர் சூட்டியது. ஆக, முதலில் கோடு, பிறகுதான் ஓட்டம். கோட்டின் கதை இன்னும் பழையது. பென் டூலில் நாம் இழுக்கும் வளைவு, கார் உடலை வடிவமைக்கும் வேலையிலிருந்து வந்தது. 1959-இல் சிட்ரோயனில் பால் டி காஸ்டெல்ஜோவும், 1960-களில் ரெனோவில் பியர் பெஸியேவும் தனித்தனியே அதற்குக் கணக்குக் கண்டார்கள். வரைபவரின் கைக்கு முன்பே தெரிந்திருந்த வளைவை இயந்திரத்துக்குப் புரியவைக்க வந்த கணக்கு அது. கை எதையும் வரையாதபோது கணக்குக்கு அங்கே என்ன வேலை? அந்தச் சிவப்புப் பந்தைக்கூட நாம் இளக்காரமாகப் பேசக் கூடாது. டிஸ்னி கலைஞர்கள் ஃபிராங்க் தாமஸும் ஆலி ஜான்ஸ்டனும் 1981-இல் வெளியிட்ட புத்தகத்தில் தொகுத்த பன்னிரண்டு விதிகளில் முதல் விதியே, தரையில் மோதும்போது நசுங்கி எழும்போது நீளும் வடிவத்தைப் பற்றியதுதான். பந்தின் மேல் குற்றம் இல்லை. அதைத் துள்ளவிடாமல் நகரவிட்டவர் மேல்தான் குற்றம்.

துள்ளவைக்க இவருக்கு எங்கும் போக வேண்டியதில்லை. வெக்டார் அசைவுப்படத்துக்கு இவ்வளவு பொருத்தமான முதல் பாடம் இவர் ஊரிலேயே மண்ணை வாரிக்கொண்டிருக்கிறது. ஒரு வட்டம் போடுங்கள். அதன் விளிம்பில் ஒரே ஒரு வாளி வரையுங்கள். கோணலாக இருந்தால் இருக்கட்டும். வாளியின் சுழற்சி மையத்தை இழுத்து வட்டத்தின் நடுவில் வையுங்கள். டிரான்ஸ்ஃபார்ம் பேனலில் 30 டிகிரி என்று கொடுத்து, நகலெடுக்கும் பொத்தானைப் பதினோரு முறை அழுத்தினால் பன்னிரண்டு வாளிகளோடு சக்கரம் தயார். அதை ஒரு சிம்பலாக மாற்றுங்கள். பேஸிக் முடித்தவர் இந்த இடத்தில் 360 டிகிரி சுற்றுவார். தேவையே இல்லை. வாளிகள் எல்லாம் ஒன்றுபோல இருப்பதால் 30 டிகிரி திரும்பினாலே படம் பழைய நிலைக்கு வந்துவிடும். முதல் ஃபிரேமில் சுழியம், ஏழாவதில் 30 என்று கீஃபிரேம் வைத்து, நடுவே ட்வீன் கொடுத்து, ஆறாவதைக் கீஃபிரேமாக்கிவிட்டு ஏழாவதை நீக்கிவிட வேண்டும். நீக்காவிட்டால் ஒரே படம் இரண்டு முறை வந்து, சக்கரம் ஒவ்வொரு சுற்றிலும் விக்கும். விக்கலை ஒருமுறை கண்ணால் பார்த்தவருக்கு லூப் என்றால் என்ன என்று யாரும் பாடம் எடுக்க வேண்டாம். ஒரு விளையாட்டும் இருக்கிறது: ஃபிரேமுக்கு 30 டிகிரி வீதம் சுற்றினால், சக்கரம் முழு வேகத்தில் ஓடியும் திரையில் அசையாமல் நிற்கும். நம்மவர் வகுப்பு வகுப்பாகப் போய்வருவதும் அந்தக் கணக்கில்தான்.

"அதெல்லாம் சரி, அவர் படித்த ஃபிளாஷே செத்துப்போச்சே, இனி வரைந்து என்ன ஆகப்போகிறது?" என்று அவருக்காக வழக்காடுவோர் உண்டு. செத்தது உண்மைதான். 2010-இல் ஸ்டீவ் ஜாப்ஸ் வெளிப்படையாகவே ஃபிளாஷ் வேண்டாம் என்று எழுதினார். 2017-இல் அடோபி நாள் குறித்தது. 2020 டிசம்பர் 31-உடன் பிளேயருக்கான ஆதரவு முடிந்தது. ஆனால் வரையும் கருவி அடோபி அனிமேட் என்று பெயர் மாறி அதே டைம்லைனோடு தொடர்ந்தது. இன்று இணையப் பக்கத்தை அசைக்கும் சிஎஸ்எஸ்ஸிலும் கீஃபிரேம் என்ற பெயர்தான். வேகத்தைக் கூட்டிக் குறைக்கவும் அதே பெஸியே வளைவுதான். சக்கரத்தை ஓடவைத்தவருக்கு ஒன்றும் வீணாகவில்லை. மெனு எங்கே இருந்தது என்று மனப்பாடம் செய்தவருக்குத்தான் எல்லாம் போயிற்று. சான்றிதழ் இல்லாமல் வேலை கிடைக்குமா என்பது அடுத்த கேள்வி. சான்றிதழ் வாசல்வரை கொண்டுபோகும். உள்ளே இருப்பவர் "பண்ணினதைக் காட்டுங்க" என்பார். மென்பொருள் வாங்கப் பணம் வேண்டாமா என்றால், இங்க்ஸ்கேப் 2003 முதல் இலவசமாகக் கிடைக்கிறது. அசைவுக்கு சின்ஃபிக் இருக்கிறது. இவர் தொடமாட்டார், சும்மா கிடைப்பதில் என்ன சரக்கு இருந்துவிடும் என்று. இனி ஏஐ வரைந்துவிடுமே என்பது புதிய சாக்கு. வரையட்டும். "அந்த மூணாவது வாளியை மட்டும் கொஞ்சம் சாய்ங்க" என்று வாடிக்கையாளர் சொல்லும்போது, அது எந்தப் புள்ளியில் சாயும் என்று தெரிந்தவர் ஒருவர் வேண்டும்.

எல்லாரும் ஓவியராகிவிட வேண்டுமா என்றால், வேண்டாம். பொழுதுபோக்காகப் படிப்பவரைப் படிக்க விடலாம். புத்தகக் கண்காட்சிக்குப் போய், முப்பது நாளில் எல்லாம் கற்றுத்தரும் புத்தகம் ஒன்றை வாங்கி வரட்டும். ஆனால் முடித்துவிட்டேன் என்று மட்டும் சொல்லக் கூடாது. அடிப்படை எதுவென்று முழுப்படம் ஒன்றைப் போட்டு முடித்தவருக்குத்தான் தெரியும். அதற்கு முன் எல்லாப் பொத்தானும் ஒன்றுபோலவே முக்கியமாகத் தோன்றும். பத்துப் பொத்தானில் வண்டி ஓடிவிடும் என்பதும், மற்றவற்றைத் தேவைப்படும்போது தேடிக்கொள்ளலாம் என்பதும் கோணல் வாளி ஒன்று சொல்லித்தரும் பாடம். நம்மவர் இதையெல்லாம் பொறுமையாகப் படிப்பார், தலையை ஆட்டி முழுசாக ஒத்துக்கொள்வார், கடைசியில் ஒரே ஒரு சந்தேகம் கேட்பார்: "சார், இந்த வாளி வரையறதுக்கு எந்த வெர்ஷன் சார் பெஸ்ட்?"