ரெண்டு எம்எம் சொந்தம்

ஃபியட் பாலியோ வைத்திருப்பவனிடம் யாரும் "வண்டி எப்படி ஓடுது?" என்று கேட்பதில்லை. "இன்னும் ஓடுதா?" என்றுதான் கேட்கிறார்கள். 2001-இல் அது இந்தியாவில் அறிமுகமானபோது கதையே வேறு. சச்சின் டெண்டுல்கர் விளம்பரத்தில் வந்தார். அடுத்த வருஷம் அவருக்கு மைக்கேல் ஷூமாக்கர் கையால் ஒரு ஃபெராரி 360 மாடெனா கொடுத்து கம்பெனி மரியாதை செய்தது. பாலியோ வாங்கியவர்களுக்குப் பாலியோ கிடைத்தது.

என் வண்டியின் எஞ்சினைக் குறை சொல்ல முடியாது. கதவைச் சாத்தினால் எதிர்வீட்டு நாய் எழுந்து உட்காரும், அவ்வளவு கனம். கெட்டது, டயரைத் தாங்கும் சக்கர டிஸ்க்தான். சென்னையின் பள்ளங்களும், ராத்திரியோடு ராத்திரியாக முளைக்கும் வேகத்தடைகளும் நாலு இரும்பு டிஸ்க்கையும் கோணலாக்கிவிட்டன. எழுபதைத் தொட்டால் ஸ்டியரிங் ஆடும். டயரில் காற்று தங்காது. தட்டித் தட்டிச் சரிசெய்துகொண்டிருந்தவரே ஒரு நாள், "இதுக்கு மேல தட்டினா கிழிஞ்சிடும் சார்" என்று கையை விரித்துவிட்டார்.

வேறு டிஸ்க் வாங்க வேண்டியதுதானே என்பீர்கள். அளவு பொருந்த வேண்டுமே. டிஸ்க்கில் இருக்கும் போல்ட் துளைகளின் மையங்கள் வழியாக ஒரு வட்டம் போட்டால், அதன் விட்டத்துக்குப் பிசிடி என்று பெயர். ஸ்விஃப்ட், சான்ட்ரோ, இண்டிகா எல்லாவற்றுக்கும் நாலு துளை, 100 மில்லிமீட்டர். மாருதி 800-க்கு 114.3, அதாவது சரியாக நாலரை இன்ச். பாலியோவுக்கு 98.

இந்த 98, இத்தாலிக்காரர்கள் குடும்பத்துக்குள்ளேயே வைத்துக்கொண்ட அளவு. என் வண்டி சொந்தத்தில்தான் சம்பந்தம் செய்யும். யூனோ, சியன்னா, பெட்ரா எல்லாம் அத்தை மகன், மாமன் மகள் முறை. ஆல்ஃபா ரோமியோவிலும் லான்சியாவிலும் சில உண்டு. வெளிநாட்டோடு இருந்துவிட்ட பணக்காரச் சொந்தம், விசேஷத்துக்கு வராது. சச்சினுக்குக் கொடுத்த ஃபெராரிக்கு ஐந்து துளை, 108. பேருக்குத்தான் உறவு. 2019-இல் ஃபியட்டே இங்கே கார் விற்பதை நிறுத்திவிட்டது. மிச்சமிருந்த உறவுகளும் ஒவ்வொன்றாகக் காயலாங்கடைக்குப் போய்ச் சேர்ந்துகொண்டிருக்கின்றன.

முதலில் அலாய் வீல் கடைக்குப் போனேன். சுவர் முழுக்கப் பளபளவென்று மாட்டியிருந்தார்கள். "எட்டு ஓட்டை சார், எந்த வண்டிக்கும் செட் ஆவும்" என்றார் கடைக்காரர். எட்டில் நாலு 100-க்கு, நாலு 114.3-க்கு. எனக்கு ஒன்றுமில்லை. சொன்னால் நம்பவில்லை. இன்ச் டேப்பை எடுத்தார். அலாயை அளந்து, "நாலு இன்ச்சுக்கு அரை நூல் கம்மி" என்றார். என் டிஸ்க்கை அளந்து, "இது ஒரு நூல் கம்மி" என்றார். அப்புறம் என் தோளில் கை போட்டு, "அரை நூலுக்கா சார் இவ்ளோ யோசிக்கிறீங்க?" என்றார்.

உண்மையில் போல்ட் ஏறிவிடும். ஏறிவிடுவதுதான் ஆபத்து. ஒவ்வொரு போல்ட்டும் ஒரு மில்லிமீட்டர் தள்ளி, கூம்புத் தலையின் ஒரு பக்கம் மட்டும் பட்டு, சாய்ந்து உட்காரும். கடை வாசலில் எல்லாம் கச்சிதமாகத் தெரியும். திண்டிவனம் தாண்டும்போது போல்ட் தளரும். கடைப் பையன் ஒருவன் ஸ்விஃப்ட்டின் கம்பெனி அலாயைத் தூக்கி வந்தான். அதன் நடு ஓட்டை 54.1, பாலியோ ஹப் 58.1. உள்ளேயே போகாது. "லேத்துல குடுத்து கடைஞ்சிடலாம்." சரி, போல்ட்? "நீளமா போட்டுடலாம்." நீளமாகப் போட்டால் பின் டிரம்முக்குள் போய் பிரேக்கை உரசும். அதற்கும் அவனிடம் ஒரு யோசனை இருந்தது. கேட்க எனக்குத் தெம்பில்லை. 98-ஐயும் 100-ஐயும் சமாதானப்படுத்த, கழுத்து மட்டும் தனியாக ஆடுகிற போல்ட் வெளிநாட்டில் கிடைக்கிறது. சக்கரம் ஆடாமல் இருக்க ஆடுகிற போல்ட் போடும் அளவுக்கு எனக்கு ஞானம் முற்றவில்லை.

போல்ட் என்றதும் ஞாபகம் வருகிறது. மற்ற பல வண்டிகளில் ஹப்பிலிருந்து ஸ்டட் நீட்டிக்கொண்டிருக்கும்; சக்கரத்தை அதில் தொங்கவிட்டு நிதானமாக நட்டு போடலாம். பாலியோவில் அந்தச் சலுகை இல்லை. தரையில் உட்கார்ந்து, சக்கரத்தை முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கி, பாத நுனியால் தூக்கிப் பிடித்து, இரண்டு ஓட்டையும் நேராகும் அந்த நொடியில் போல்ட்டைச் செருக வேண்டும். ஜி.எஸ்.டி. சாலையோரம் நான் இந்த ஆசனத்தில் இருந்தபோது ஒருவர் பைக்கை நிறுத்தினார். உதவப் போகிறார் என்று நினைத்தேன். "ஃபியட்டா சார்? எங்க பெரியப்பா வச்சிருந்தாரு" என்று சொல்லி, சற்று நேரம் ரசித்துவிட்டுக் கிளம்பினார்.

கடைசியில், பழைய வண்டிச் சாமான் கடைகள் நிறைந்த புதுப்பேட்டை.

"பாலியோவா? பெட்ரோலா, டீசலா?" என்றார் பாய்.

"டிஸ்க்குக்கு ஏது பாய் பெட்ரோல், டீசல்?"

"சும்மா கேட்டேன் சார். பாலியோன்னு கேட்டு ஆள் வந்து ரொம்ப நாளாச்சு."

பரண் மேலிருந்து, பிரித்துப்போட்ட ஒரு சியன்னாவின் டிஸ்க்குகள் இறங்கின. ஒட்டடையும் துருவும் போக மீதி இரும்பு. நான் பையிலிருந்து வெர்னியரை எடுத்ததும் பக்கத்துக் கடைப் பையன்கள் கூடிவிட்டார்கள். எதிரெதிர் ஓட்டைகளின் உள்விளிம்புக்கு நடுவே அளந்து, ஒரு ஓட்டையின் அகலத்தைக் கூட்டினேன். 98. "நகைக்கடைல கூட இப்படிப் பார்க்க மாட்டாங்க" என்றார் பாய். அவருடைய பரிசோதனை வேறு. டிஸ்க்கை நிமிர்த்தித் தெருவில் ஒரு தள்ளு தள்ளினார். அது ஆடாமல் அசங்காமல் நேராக ஓடி, நின்றிருந்த ஆட்டோவில் முட்டிச் சாய்ந்தது. "பெண்டு இல்ல" என்றார். ஆட்டோக்காரர் சொன்னதை இங்கே எழுத முடியாது.

"கிலோ கணக்கா பாய், பீஸ் கணக்கா?"

"கிலோவுல கேட்டா இரும்பு விலை. நீங்க ஃபியட்டுன்னு கேட்டுட்டீங்க."

மேலே மூட வீல் கப்பும் வேண்டியிருந்தது. "13 இன்ச் கப்பு எல்லா வண்டிக்கும் ஏறும் சார்," என்றார், "ஆனா சுசுகி மார்க்தான் இருக்கு." அதையே மாட்டிக்கொண்டு கிளம்பினேன். வழியில் பெட்ரோல் பங்க்கில், டேங்க்கை நிரப்பியபடியே சக்கரத்தைப் பார்த்த பையன் சொன்னான்: "மாருதியா சார்? மைலேஜ் பிச்சு உதறுமே!"