பெட்டை வாத்தின் குரலில்

போன நவம்பரில், அர்கன்சாஸ் மாநிலத்து ஸ்டட்கார்ட் ஊரில் ஒரு கடைக்குள் நுழைந்து, வாத்து ஊதல் ஒன்று வேண்டும் என்றேன். விற்பனைப் பையன் என்னை ஒரு சுவருக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, "எந்த மாதிரி?" என்று கேட்டான். தி.நகர் பட்டுப்புடவைக் கடையில் மனைவிக்குப் பின்னால் பையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஆண்களின் முகம் எனக்கு அந்த நிமிடமே வந்திருக்க வேண்டும். சுவர் முழுக்க ஊதல்கள். மயில்கழுத்து நிறம், முத்து வெள்ளை, இரவில் ஒளிரும் பச்சை. மரமா, அக்ரிலிக்கா, பாலிகார்பனேட்டா? ஒற்றை ரீடா, இரட்டை ரீடா? திறந்த நீருக்கா, மரக்காட்டுக்கா? காற்று பலமாக அடிக்கும் நாளுக்கு ஒன்று, அடிக்காத நாளுக்கு இன்னொன்று. "பட்ஜெட் எவ்வளவு சார்?" என்று அவன் கேட்டபோதுதான் கவனித்தேன், நல்ல அக்ரிலிக் ஊதல் 150 டாலரில் ஆரம்பித்து மேலே போய்க்கொண்டிருந்தது.

1984இல் நான் இதே ஊருக்கு வந்து இறங்கியபோது எனக்கு வயது இருபத்தாறு. மன்னார்குடிப் பக்கத்துப் பையன், நெல் உலர்த்தும் ஆலையில் பொறியாளர் வேலை. ஊர் எல்லையிலேயே ஸ்டட்கார்ட் தன்னை உலகத்தின் அரிசி-வாத்துத் தலைநகர் என்று பலகை வைத்து அறிவித்துக்கொள்ளும். அரிசிக்குத் தலைநகர் எங்கள் ஊரல்லவா என்று உள்ளுக்குள் ஒரு சின்னக் கோபம் வந்ததும், பிறகு சாலையின் இருபுறமும் கண்ணுக்கெட்டியவரை நெல்வயலைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டதும் நினைவிருக்கிறது. மேல்மண்ணுக்கு அடியில் தண்ணீரை உள்ளே விடாத இறுகிய களிமண் படுகை; அதனால் வயலில் விட்ட தண்ணீர் அப்படியே நிற்கும். அறுவடையில் சிந்திய நெல், பக்கத்திலேயே ஓக் மரக்காட்டில் உதிர்ந்த கொட்டை, இரண்டுக்கும் மேலே தேங்கிய நீர். கனடாப் பக்கத்துக் குளிருக்குப் பயந்து மிசிசிப்பி ஆற்றுத் தடத்தில் தெற்கே பறந்துவரும் பச்சைத்தலை மல்லார்ட் வாத்துகளுக்கு இதைவிட நல்ல கல்யாணப் பந்தி எங்கே கிடைக்கும்? எங்கள் ஊரிலும் அறுவடை முடிந்த தாளடியில் வாத்து வரும். ஆனால் அது மேய்ப்பவர் ஓட்டிவரும் வாத்து; அவர் ஒரு நீளக் கழியை வைத்துக்கொண்டு "பக், பக்" என்றால் போதும். இங்கேயோ வானத்தில் போகிறதைக் கீழே கூப்பிட வேண்டும்.

ஆலையில் எனக்கு மூத்த ஃபோர்மேன் ஒருவர் இருந்தார். பெரியவர் என்றே சொல்கிறேன், அப்போதே அறுபது தாண்டியவர். ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஷெட்டில் ஒரு பழைய கடைசல் இயந்திரத்தை ஓட்டி ஊதல் செய்வார். எனக்கும் ஒன்று வேண்டும் என்று கேட்டதும் மேசை மேல் மூன்றே மூன்றை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாக ஊதச் சொன்னார். அவ்வளவுதான் அந்தக் காலத்துக் கடைச்சுவர். மரக்குழல் ஒன்று, அதற்குள் செருகும் அடைப்பான், அடைப்பானில் ஒரு பள்ளம், பள்ளத்தின் மேல் மெல்லிய மைலார் பட்டை, அது நழுவாமல் ஒரு தக்கைத் துண்டு. பட்டையை அவர்கள் ரீட் என்பார்கள். நான் தஞ்சாவூர் ஜில்லாக்காரன், சீவாளி என்றுதான் மனதில் வரும். ஒற்றைச் சீவாளி என்றால் உச்சத்துக்கும் போகலாம், அடிவயிற்றுக்கும் இறங்கலாம், ஆனால் பிடிகொடுக்காது. இரட்டைச் சீவாளி கரகரப்பாக, கிட்டத்தட்ட தானாகவே வாத்தாகிவிடும். புதிதாகக் கற்பவர்களுக்கு அதுதான் சௌகரியம். மூன்றில் எது அதிகச் சத்தம் போட்டதோ அதைத்தான் நான் கேட்டேன். அவர் வால்நட் மரத்தில் செய்த, சற்று அடங்கிய ஒன்றை என் கையில் வைத்து, "இது உன் மூச்சுக்குச் சரி" என்றார். மூச்சுக்கு அளவெடுத்துத் தருகிறார் என்பது புரிகிற வயதில்லை. கோபித்துக்கொண்டு, அவருக்குத் தெரியாமல், இல்லினாய் மாநிலத்துப் பெக்கின் ஊரில் பி.எஸ். ஓல்ட் கம்பெனி செய்துவந்த கறுப்பு எபோனைட் டி-2 ஊதலைத் தபாலில் வரவழைத்துக்கொண்டேன். தாத்தா காலத்திலிருந்தே வேட்டைக்காரர்கள் பையில் இருந்துவந்த ஊதல் அது. எனக்கோ அதன் பெருமை அதன் சத்தத்தில் மட்டும்தான் இருந்தது.

சிறுவயதில் பூவரசம் இலையைச் சுருட்டி, நுனியை லேசாகக் கடித்துத் தட்டையாக்கி, பீப்பி ஊதியவர்களுக்கு இந்த வித்தை வந்துவிடும் என்று நினைத்தேன். நீங்களும் ஊதியிருப்பீர்கள். அந்தப் பீப்பியின் குரலுக்கும் வாத்தின் குரலுக்கும் அப்படியொன்றும் தூரமில்லை. ஆனால் பீப்பிக்குக் கன்னத்துக் காற்று போதும், வாத்து ஊதலுக்குப் போதாது. மூக்குக்கண்ணாடியைத் துடைக்கும்முன் 'ஹா' என்று ஒரு வெம்மூச்சு விடுவோமே, அது அடிவயிற்றிலிருந்து வர வேண்டும். அதை 'வாக்' என்று நாக்கால் வெட்ட வேண்டும். இரை தின்னும் கூட்டத்தின் முணுமுணுப்புக்கு 'டிக்கா-டிக்கா-டிக்கா' என்று குழலுக்குள் சொல்ல வேண்டும். தூரத்தில் போகிற கூட்டத்துக்கு நீண்ட முதல் கூவலும் அதிலிருந்து படிப்படியாகச் சுருங்கி இறங்கும் சுரங்களும். திரும்பிப் போகிறதை மடக்க ஒரு கெஞ்சல். தனியாக உட்கார்ந்திருக்கும் பெட்டையின் சலிப்பு மூன்று நான்கு மெதுவான 'வாக்'குகள். இதையெல்லாம் நான் சாதகம் செய்தது அடுக்குமாடி வீட்டில். மூன்றாம் நாள் கீழ்வீட்டு அம்மாள் கதவைத் தட்டினார். நான்காம் நாள் என் மனைவியே கார் சாவியை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டாள். அந்த ஊரில் சிவப்பு விளக்கில் நிற்கும் எந்தக் காரைப் பார்த்தாலும் உள்ளே ஒருவன் கன்னம் சிவக்க ஊதிக்கொண்டிருப்பான் என்பது அதன் பிறகுதான் எனக்குத் தெரியவந்தது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 'குவாக்' என்று நாம் கேட்கும் அந்தக் கணீர்க் குரல் பெட்டை மல்லார்டுடையது. பச்சைத்தலையும் சுருள்வாலுமாக மாப்பிள்ளை மாதிரி மினுக்கும் ஆண் வாத்துக்குத் தொண்டை கட்டியது போல ஒரு கீச்சுக் குரல்தான். அதைப் பாவனை செய்யத் தனியாக ஒரு சின்ன விசில் இருக்கிறது, கடையில் மூலையில் தொங்கும், கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள். தாடியும், சேறு படிந்த பூட்ஸும், தோளில் துப்பாக்கியுமாக விடியலில் இறங்கும் அத்தனை ஆம்பளைச் சிங்கங்களும், நானும் உள்பட, கழுத்துப்புடைக்க அழைப்பது ஒரு பெட்டையின் குரலில். இதை நான் ஆலையில் சொல்லிச் சிரித்தபோது யாரும் கூடச் சிரிக்கவில்லை.

துப்பாக்கியை நான் தொட்டதில்லை. ஊதுவதோடு சரி. ஆனாலும் பெரியவர் பிடிவாதமாக என்னை வேட்டை உரிமமும் ஃபெடரல் வாத்து முத்திரையும் வாங்க வைத்தார். 1934இல் ஒரு டாலருக்கு ஆரம்பித்த முத்திரை அது. முதல் படத்தை வரைந்தவர் டிங் டார்லிங் என்ற பத்திரிகைக் கேலிச்சித்திரக்காரர். அந்தப் பணம் ஏறக்குறைய முழுவதும் சதுப்புநிலம் வாங்கவும் காக்கவும் போகிறது. நான் வாங்கியபோது விலை 7.50 டாலர். ஏழரை! ஊருக்குக் கடிதம் எழுதும்போது அம்மாவிடம் இதை மட்டும் மறைத்துவிட்டேன். இன்றைக்கு 25 டாலர்; சனி விட்டது, விலை விடவில்லை.

முதல் விடியல். பையூ மீட்டோ காட்டில் இடுப்பளவு நீர், சுற்றிலும் ஓக் மரங்கள், மூச்சு விட்டால் புகை. பெரியவர் ஒரு மரத்தில் சாய்ந்து, மிதவை வாத்துகள் ஆடுவதற்காகக் காலால் தண்ணீரை மெல்ல உதைத்துக்கொண்டிருந்தார். விடிந்ததும் கிளைகளுக்கு மேலே ஒரு கூட்டம் வட்டமிட்டது. அவர் ஒரே ஒரு தடவை கூவினார், கூட்டம் சாய்ந்தது. இன்னொரு வட்டம். சிறகைத் தொங்கவிட்டு, ஆரஞ்சுக் கால்களை நீட்டி, மரங்களுக்கு நடுவே இறங்க ஆரம்பித்தன. அந்த நேரத்தில், முகத்துக்கு நேரே இறங்கிவரும் வாத்துகளைப் பார்த்து, என் தபால் ஊதலை எடுத்து, ஒரு மாதச் சாதகத்தையும் ஒரே மூச்சில் ஊதினேன். வந்த கூட்டம் செங்குத்தாக மேலேறி, கிளைகளை உரசிக்கொண்டு போய்விட்டது. பெரியவர் திட்டவில்லை. குடுவையிலிருந்து காப்பி ஊற்றிக் கொடுத்தார். அரைமணி நேரம் கழித்து, "வாலையும் சிறகு நுனியையும் பார்த்துத்தான் ஊத வேண்டும் தம்பி. மூக்கைக் காட்டிவிட்டால் நம் வேலை முடிந்தது" என்றார். மறுநாளிலிருந்து வால்நட் ஊதல்தான் கழுத்தில் தொங்கியது. மழைநாளில் மரம் ஊறி, அடைப்பான் கழற்ற வராது. வெயிலில் சுருங்கித் தானாக விழுந்துவிடும். ஒரு குணமுள்ள பொருளோடு குடித்தனம் செய்கிற சுகம் அதில் இருந்தது.

பெரியவரின் அப்பா காலத்தில் இத்தனை ஊதத் தேவையே இருந்ததில்லையாம். ஊதல் இருந்தது, டெட்ராய்ட்டின் இலாம் ஃபிஷர் 1870லேயே ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். ஆனால் காலில் கயிறு கட்டிய உயிருள்ள பெட்டைகளைத் தண்ணீரில் விட்டால் அவை தாமே கூப்பிட்டுவிடும். 1935இல் அரசாங்கம் அந்த உயிர்த் தூண்டிலைத் தடைசெய்தது. மறுவருடமே, 1936இல், ஸ்டட்கார்ட் பிரதான வீதியில் வாத்து அழைக்கும் போட்டி தொடங்கியது. இரண்டுக்கும் நேரடிச் சம்பந்தம் உண்டா என்று என்னைக் கேட்காதீர்கள், எனக்கு முடிச்சுப் போடப் பிடித்திருக்கிறது. முதல் வருடம் ஜெயித்தவர் மிசிசிப்பியிலிருந்து வந்த தாமஸ் வால்ஷ், பரிசு 6.60 டாலர் பெறுமான ஒரு வேட்டைக் கோட்டு. 1955இலும் 1956இலும் உலகப் பட்டத்தை எடுத்துக்கொண்டு போனவர் பாட் பீக்காக் என்ற பெண். பெண் குரலுக்குப் பெண்ணே ஜெயித்ததில் என்ன ஆச்சரியம், அதற்கு இருபது வருடம் ஆனதுதான் ஆச்சரியம்.

இந்தத் தடவையும் நன்றி நவிலல் வாரத்தில் அந்த மேடைக்கு முன்னால் நின்றேன். ஆளுக்குத் தொண்ணூறு வினாடி. தொண்ணூறு வினாடியில் அவர்கள் எழுப்பும் கூவல் வீதியின் மறுகோடிக்குப் போய்த் திரும்புகிறது. சங்கீதம் என்றே ஒப்புக்கொள்கிறேன், காது கூசினாலும். நிஜ வாத்து ஒன்று மேடையேறினால் முதல் சுற்றிலேயே வெளியே அனுப்பிவிடுவார்கள். 2012இல் லூசியானாவின் ஊதல் செய்யும் குடும்பம் ஒன்று தொலைக்காட்சித் தொடராகவே வந்துவிட்டது. அதற்கப்புறம் வாத்தைப் பார்த்திராத ஊர்களிலெல்லாம் தாடியும் ஊதலும் விற்றன என்று கேள்வி.

மறுநாள் பெரியவரின் பேரன் என்னைக் காட்டுக்கு அழைத்துப் போனான். பெரியவர் போய் வெகுகாலம் ஆகிறது. நாங்கள் அன்று இருட்டில் தடவித்தடவி நடந்த பாதையில் இப்போது நல்ல இடம் பிடிக்க மோட்டார்ப் படகுகள் பந்தயமாக ஓடுகின்றன. பேட்டரியில் சிறகு சுற்றும் பொம்மை வாத்து, தண்ணீரைச் சலசலக்க வைக்க இன்னொரு பொறி. பெரியவர் காலால் உதைத்த வேலைக்கு இப்போது சார்ஜர் வேண்டும். வாத்துக்காக வருடாவருடம் சீக்கிரமே நீரைத் தேக்கித் தேக்கி ஓக் மரங்களே நோய்ப்பட்டுவிட்டன என்று இப்போது அதிகாரிகள் தண்ணீரைத் தாமதமாக விடுகிறார்கள். ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும்: பதிவுசெய்த வாத்துக் குரலை ஒலிபெருக்கியில் போடுவதைச் சட்டம் அனுமதிப்பதில்லை. பேரனின் கைப்பேசியில் ஆயிரம் வாத்துகள் இருக்கின்றன, இருந்தும் காட்டில் அவன் தன் மூச்சையேதான் நம்ப வேண்டும். பாதி அமெரிக்கா இயந்திரத்திடம் போய்விட்ட பிறகு, ஓர் ஆளின் நுரையீரலைச் சட்டம் போட்டுக் காப்பாற்றியிருக்கிறார்கள்.

நம்பினான், அதிகமாகவே. நான்கு பையன்கள், நான்கு அக்ரிலிக் ஊதல்கள், யூடியூபில் சாம்பியன்களிடம் படித்த பாடம். சுரம் சுத்தம், என் இருபத்தாறு வயதைவிட ஆயிரம் மடங்கு சுத்தம். பக்கத்துக் குழுக்களும் விடாமல் பதில் ஊதின. கூட்டங்கள் உயரத்தில் ஒரு வட்டம் போட்டுவிட்டு, ஏற்கெனவே கேட்ட கச்சேரி என்பது போலப் போய்க்கொண்டிருந்தன. "இப்போதெல்லாம் கெட்டிக்காரர்கள் குறைவாகத்தான் ஊதுகிறார்கள் அங்கிள், அதுதான் புது உத்தி" என்று பேரன் எனக்கு விளக்கினான். புது உத்தி! நான் தலையாட்டி வைத்தேன்.

ஏழரை மணி வாக்கில் குளிரிலும் எச்சிலிலும் அவனுடைய ஊதலின் ரீட் ஒட்டிக்கொண்டு, கூவலுக்குப் பதில் காற்று மட்டும் வந்தது. இதற்கு அன்றும் இன்றும் ஒரே வைத்தியம்: ஒரு டாலர் நோட்டை ரீடுக்கு அடியில் செருகி மெல்ல இழுத்தால் ஈரத்தை உறிஞ்சிவிடும். "யாரிடமாவது நோட்டு இருக்கிறதா?" என்றான். நால்வரும் தண்ணீர் புகாத பைகளைத் தடவினார்கள். அட்டைகள் இருந்தன, கைப்பேசிகள் இருந்தன. பழைய ஊர்க்காரனான நான் சட்டைப்பையிலிருந்து மடித்த நோட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். அவன் அடைப்பானைக் கழற்றி, நாக்கைக் கடித்துக்கொண்டு, நோட்டைச் செருகினான். மற்ற மூவரும் அவன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். காலையிலிருந்து முதல் முறையாக எங்கள் மரத்தடியில் சத்தமே இல்லை.

பின்னால் எங்கோ ஒரு பெட்டை, சுருதி சேராமல், அலட்சியமாக, 'வாக்' என்றது. ஐந்தாறு பச்சைத்தலைகள் கிளைகளுக்கு நடுவே காலை நீட்டிக்கொண்டு இறங்கி, பொம்மைகளுக்கு அருகே தண்ணீரில் உட்கார்ந்தன. யார் கையிலும் துப்பாக்கி இல்லை. பேரன் அசையாமல் என்னைப் பார்த்தான்; ஊதலிலிருந்து ஜார்ஜ் வாஷிங்டன் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தார்.