லோடு என்னங்க தம்பி?

(இடம்: பெங்களூரு, மைசூர் ரோட்டை ஒட்டிய டிம்பர் யார்டு லேஅவுட்டில் ஒரு மரப்பட்டறை. பேசுகிறவர்கள் இருவர். ஜிம்னிக்காரர் கோவையில் பிறந்தவர், பெல்லந்தூரில் குடியிருப்பவர், மென்பொருள் வேலை. அவருடைய ஐந்து கதவு மாருதி ஜிம்னி பட்டறை வாசலில் நிற்கிறது. கதவில் மலைத்தொடர் ஸ்டிக்கர், டயரில் சேறு இல்லை. மேஸ்திரி நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டியவர். கம்பெனிகளே பாடியோடு வண்டி விற்க ஆரம்பித்த பிறகு இங்கே வந்து கடை போட்டவர்.)

ஜிம்னிக்காரர்: வணக்கம்ணா. வண்டிக்குப் பின்னாடி ஃப்ளோர் ஒண்ணு செய்யணும். ஃபுல் கஸ்டம். கீழ ரெண்டு டிராயர், மேல படுக்கை, ஓரமா ஃப்ரிட்ஜுக்கு ஸ்லைடு, 40 லிட்டர் தண்ணி டேங்க், ஒரு லித்தியம் பேட்டரி. டிராயிங் லேப்டாப்ல இருக்கு. சுத்திச் சுத்திப் பாக்கலாம்.

மேஸ்திரி: நல்லாச் சுத்துதுங்க. லோடு என்னங்க தம்பி?

ஜிம்னிக்காரர்: லோடா?

மேஸ்திரி: எங்கூர்ல சேசிஸ் உள்ள வந்து நின்னதும் மொதக் கேள்வி அதுதானுங்க. முட்டைக்கு ஒரு பாடி, மாட்டுக்கு ஒரு பாடி, கம்பிக்கு ஒரு பாடி. லோடு தெரியாம நாங்க பலகையத் தொட மாட்டோம்.

ஜிம்னிக்காரர்: இது லாரி இல்லண்ணா. ஓவர்லேண்டிங் வண்டி. பல நாள் பயணம், யாரையும் எதிர்பார்க்காம, எல்லாத்தையும் வண்டியிலயே வெச்சுக்கிட்டு...

மேஸ்திரி: எல்லாத்தையும்னா எத்தனை கிலோங்க?

ஜிம்னிக்காரர்: அத இன்னும் ஃபைனலைஸ் பண்ணல.

மேஸ்திரி: சேரி, வண்டியக் காட்டுங்க.

(பின்கதவு பக்கவாட்டில் திறக்கிறது. நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும்: ஜிம்னிக்காரரின் குறை கற்பனை இல்லை. சீட்டை நிமிர்த்தி வைத்தால் பின்னால் மிஞ்சும் இடம் 208 லிட்டர், மடக்கினால் 332. மடக்கிய சீட்டும் பின்தளமும் ஒரே மட்டத்தில் வராமல் நடுவே ஒரு படி நிற்கும். சாமான் அந்தப் படியில் சாய்ந்தபடியே ஊர் போய்ச் சேரும். அதற்காக வண்டியைக் குறைத்துப் பேச முடியாது. இந்தியாவில் 2023 ஜூனில் விற்பனைக்கு வந்து ஷோரூமில் தள்ளுபடி போர்டோடு நின்ற இதே ஐந்து கதவு வண்டி, 2025 தொடக்கத்தில் ஜப்பானுக்குப் போனதும் சில நாளிலேயே ஐம்பதாயிரம் பேர் பதிவு செய்து, கம்பெனி புக்கிங்கையே நிறுத்த வேண்டி வந்தது.)

மேஸ்திரி: இந்தப் படி தொந்தரவுதானுங்க. இத மட்டம் பண்ணோணும்னா ஒரு பலகை, நாலு கால். அரை நாள் வேலை. இதுக்கு எதுக்கு டிராயரு?

ஜிம்னிக்காரர்: ஆஸ்திரேலியாவுல எல்லார் வண்டியிலயும் டிராயர்தான்ணா. ஏ.ஆர்.பி.ன்னு ஒரு கம்பெனி, 1975ல மெல்பர்ன்ல ஒருத்தர் சின்னதா ஆரம்பிச்சது. இன்னைக்கு உலகம் முழுக்க அவங்க சாமான்தான். அங்க கேனிங் ஸ்டாக் ரூட்னு ஒரு பாதை இருக்கு. பாலைவனத்துக்கு நடுவுல 1,850 கிலோமீட்டர்.

மேஸ்திரி: நடுவுல டீக்கடை?

ஜிம்னிக்காரர்: அதெல்லாம் கிடையாது. டீசலையே முன்கூட்டிச் சொல்லி ஏற்பாடு பண்ணிக்கணும்.

மேஸ்திரி: அப்ப அவனுக்கு டிராயர் வேணுமுங்க. ஸ்பானர் அடியில மாட்டிக்கிச்சுன்னா மொத்தச் சாமானையும் மணல்ல இறக்கி வெச்சுட்டா தேட முடியும்? நீங்க கடைசியா எங்க போனீங்க?

ஜிம்னிக்காரர்: சக்லேஷ்பூர்.

மேஸ்திரி: இருநூத்திச் சொச்சம் கிலோமீட்டரு. குணிகல்ல ஒரு டீ, சென்னராயபட்டணத்துல டிபன், ஹாசன்ல சாப்பாடு. நான் லாரிக்காரங்களோட போயிருக்கேனுங்க. அந்த ரோட்டுல பசியோட போகோணும்னாத்தான் சிரமப்படோணும். இதுல ஃப்ரிட்ஜுல என்ன வெப்பீங்க?

ஜிம்னிக்காரர்: தயிர்சாதம்.

மேஸ்திரி: அதக் கெட்டுப் போகாமக் கொண்டு போறதுக்குத்தான் எங்கம்மா தாளிச்சுக் கொட்டி, புளிப்பு மாங்கா ஒண்ணு வெச்சு விடும். பேட்டரி கேட்டதில்ல.

ஜிம்னிக்காரர்: அண்ணா, கிண்டல் வேண்டாம். காட்டுக்குள்ள ராத்திரி தங்கறது வேற அனுபவம். அதுக்குத்தான் படுக்கை.

மேஸ்திரி: எந்தக் காட்டுலங்க?

ஜிம்னிக்காரர்: பந்திப்பூர் மாதிரி.

மேஸ்திரி: பந்திப்பூர்ல 2009ல இருந்து ராத்திரி 9 மணிக்கு கேட்டப் போட்டுருவாங்க. காத்தால 6 மணிக்குத்தான் தொறப்பாங்க. குண்டல்பேட்டையில லாரிங்க வரிசையா நிக்கும். அங்க படுக்கோணும்னா டிரைவரு சீட்டுலயே படுத்துக்குவான், இல்லீன்னா வண்டிக்கு அடியில. காட்டுக்குள்ள வண்டிய நிறுத்தினீங்கன்னா ஃபாரஸ்ட்காரங்க வந்து எழுப்புவாங்க. யானை வந்தா எழுப்பாது. (முன்சீட்டின் தலையணையைக் கழற்றி, சாய்வைப் பின்னால் தள்ளிப் பார்க்கிறார். அது பின்சீட்டோடு போய்ச் சேர்கிறது.) ஏனுங், இது என்னங்க?

ஜிம்னிக்காரர்: அது... முன்சீட் அப்படிச் சாயும்.

மேஸ்திரி: கம்பெனிக்காரனே கட்டில் போட்டுக் குடுத்துட்டானே! இதுக்கு மேல நீங்க பலகை போட்டுப் படுத்தா கூரை மூக்குல இடிக்குமுங்க.

ஜிம்னிக்காரர்: ஃபேக்டரி கட்டில்ல படுத்தேன்னு எப்படிண்ணா வெளிய சொல்றது?

(மேஸ்திரி பதில் சொல்லவில்லை. காதில் இருந்த பென்சிலை எடுத்து, ஒரு பிளைவுட் துண்டின் பின்புறத்தில் எழுத ஆரம்பித்தார். இதற்குப் பிறகு உரையாடல் கொஞ்சம் சூடு பிடித்தது. காரணம் கணக்கு.)

மேஸ்திரி: ஆர்.சி.யில வெயிட்டு என்ன போட்டிருக்குதுங்க?

ஜிம்னிக்காரர்: வெறும் வண்டி 1,210 கிலோ. ஆளும் சாமானும் சேர்த்து 1,545 வரைக்கும் போகலாம்.

மேஸ்திரி: கையில இருக்கறது 335. நீங்களும் வீட்டுல அம்மிணியும் ஒரு 140. மிச்சம் 195. இப்ப உங்க டிராயிங்குக்கு வருவோம். 8க்கு 4 ஷீட்டு, 18 எம்.எம்., ஒண்ணு 35 கிலோ ஆகுமுங்க. ரெண்டு வேணும்: 70. அடியில இரும்புச் சட்டம் 17. டிராயருக்குக் கனமான சேனல் 10. ஃப்ரிட்ஜு 20. பேட்டரி 12. தண்ணி 40.

ஜிம்னிக்காரர்: 169.

மேஸ்திரி: மிச்சம் 26. டிராயர் இருக்குது, அதுக்குள்ள வெக்கறதுக்கு 26 கிலோ. பின்னாடி நண்பர் ரெண்டு பேரு ஏறினா அதுவும் போச்சு, மைனஸ்ல நிக்கும். தம்பி, நான் லோடு என்னன்னு கேட்டுட்டே இருந்தேன். உங்க லோடு இந்த ஃப்ளோருதானுங்க.

ஜிம்னிக்காரர்: அலுமினியத்துல பண்ணலாமே? பீன்யாவுல 40க்கு 40 புரொஃபைல் அளவுக்கு வெட்டிக் கொடுப்பான்.

மேஸ்திரி: பண்ணலாமுங்க. பலகையும் 12 எம்.எம். போதும், ஒரு ஷீட்டு 23 கிலோதான் வரும். வெட்டிப் போட்டா இன்னும் குறையும். மேல் ரேகை எந்தப் பக்கம் ஓடுதோ அந்தப் பக்கமாத்தான் பலகை சட்டத்துக்குச் சட்டம் பாயோணும். திருப்பிப் போட்டா நடுவுல தொங்கிரும்.

ஜிம்னிக்காரர்: மெரைன் பிளைதானே?

மேஸ்திரி: ஐ.எஸ். 710 முத்திரை பாத்து எடுக்கோணும். பிளைவுட்டுக்குன்னே 1962ல இதே ஊர்ல, தும்கூர் ரோட்டுல ஆராய்ச்சி நிலையம் வெச்சாங்க. ஆனா கடையில 'மெரைன்'னு சொல்றதெல்லாம் அவன் வாய் மெரைன்தான். எந்த பிளையா இருந்தாலும் தண்ணி மேல இருந்து எறங்காதுங்க, வெட்டின விளிம்புல இருந்துதான் ஏறும். விளிம்புக்கு ரெண்டு கை பெயிண்ட். அத ஒருத்தனும் அடிக்க மாட்டான், ஏன்னா கார்பெட் ஒட்டினா தெரியாது.

ஜிம்னிக்காரர்: ஃப்ளோர வண்டியோட எப்படி ஃபிக்ஸ் பண்றது? நான் நேரா கீழ டிரில் போட்டு போல்ட் மாட்டலாம்னு பார்த்தேன்.

மேஸ்திரி: (பென்சிலைக் கீழே வைத்துவிட்டார்.) தரைக்கு அடியில என்ன போகுதுன்னு படுத்துப் பாத்தீங்களா? பெட்ரோல் டேங்க், பிரேக் பைப்பு, வயரு. டிரில் பிட்டுக்குக் கண்ணு கிடையாதுங்க. தப்பிச்சாலும் ஓட்டை போட்ட இடத்துல துரு புடிக்கும். கம்பெனி குடுத்த கொக்கி, கம்பெனி குடுத்த போல்ட் ஓட்டை, அதுல மட்டும் மாட்டோணும். சீட் பெல்ட்டு போல்ட்ட மட்டும் தொடவே கூடாது. எல்லா நட்டும் நைலாக். சாதா நட்டுப் போட்டா மாரத்தஹள்ளி தாண்டறதுக்குள்ள கழண்டு கிலுகிலுன்னு ஆட ஆரம்பிச்சுரும்.

ஜிம்னிக்காரர்: சும்மா வெச்சுட்டா என்ன? எப்படியும் கனம்தானே, நகராது.

மேஸ்திரி: நான் சொல்ல மாட்டேன். நீங்க படிச்சவரு, நீங்களே சொல்லுங்க.

ஜிம்னிக்காரர்: (கொஞ்சம் யோசித்து) 50 கிலோமீட்டர் வேகம். அரை மீட்டர்ல நின்னா... சுமார் 20 ஜி. பத்து கிலோ பெட்டி 200 கிலோ மாதிரி முன்னாடி வரும். ஐயோ.

மேஸ்திரி: அந்தக் கணக்கு எனக்குத் தெரியாதுங்க. இரும்புக் குழாய் லோடு, கட்டு சரியில்ல, டிரைவர் பிரேக் அடிச்சான். குழாய் கேபின்ல பின்னாடி நுழைஞ்சு முன்கண்ணாடி வழியா வந்துச்சு. அன்னைலருந்து நான் கேபினுக்குப் பின்னாடி மறைக்கற ஹெட்போர்டு கட்டறப்ப பொண்டாட்டி கூப்பிட்டாலும் திரும்பறதில்ல.

(இருவரும் சிறிது நேரம் பேசவில்லை. அடுத்த பட்டறையில் ரம்பம் ஓடியது.)

ஜிம்னிக்காரர்: பின்சீட்டக் கழட்டிட்டா நிறைய இடம் கிடைக்குமேண்ணா? வெயிட்டும் குறையும்.

மேஸ்திரி: ஆர்.சி.யில எத்தனை சீட்டுங்க?

ஜிம்னிக்காரர்: நாலு. ஆமா, தெரியும். மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு. கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறா எதையும் மாத்தக் கூடாதுன்னு சுப்ரீம் கோர்ட்டே 2019 ஜனவரில சொல்லியாச்சு. அதே வருஷம் அபராதமும் ஏத்திட்டாங்க, ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபா. இல்லேன்னா ஜெயில்.

மேஸ்திரி: எல்லாம் தெரிஞ்சு வெச்சிருக்கீங்க. அப்பறமும் கேக்கறீங்க.

ஜிம்னிக்காரர்: தெரிஞ்சுக்கிட்டதே அதுக்குத்தானேண்ணா. எவ்வளவு தூரம் போகலாம்னு.

மேஸ்திரி: சேரி, சீட்டு அப்படியே இருக்கட்டும். மடக்கின சீட்டு மேல ஃப்ளோர வெக்கற மாதிரி, நாலு போல்ட்டக் கழட்டினா கையில தூக்கி வீட்டுல வெக்கற மாதிரி செஞ்சு தாறேன். அது வண்டிய மாத்தினதா ஆகாது, சாமான் ஏத்தினதாத்தான் ஆகும். ஆனா மறுபடியும் அதே கேள்விதானுங்க. வண்டி வாங்கி இத்தன நாள்ல நெசமா எதையாவது ஏத்தினீங்களா? உங்களத் தவிர?

ஜிம்னிக்காரர்: (தயங்கி) தண்ணி.

மேஸ்திரி: தண்ணியா?

ஜிம்னிக்காரர்: 2024 மார்ச்ல ஊரே வறண்டு போச்சில்ல. எங்க அபார்ட்மெண்ட்ல போர்வெல் காத்து வாங்குச்சு. டேங்கர் வந்தா வரும், இல்லேன்னா இல்ல. நான்தான் எங்க பிளாக்குக்கு 20 லிட்டர் கேன் கொண்டு வந்தேன். கீழ ரெண்டாவது மாடிப் பாட்டி, பக்கத்து வீட்டுக்காரங்க, எல்லாருக்கும்.

மேஸ்திரி: எத்தனை கேனுங்க ஒரு தடவைக்கு?

ஜிம்னிக்காரர்: ஆறு. சீட்டை மடக்கி வைப்பேன். ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கர்லயும் ஒண்ணு அந்தப் படியில இருந்து உருண்டு கதவுல முட்டும். காரெல்லாம் குடிநீர்ல கழுவினா 5,000 ரூபா அபராதம்னு குடிநீர் வாரியம் வேற சொல்லிடுச்சு. அந்தக் கோடை முழுக்க வண்டியக் கழுவவே இல்ல. ஆபீஸ்ல எல்லாரும் இமயமலைப் பக்கம் ஸ்பிட்டி போயிட்டு வந்தியான்னு கேட்டாங்க.

மேஸ்திரி: என்ன சொன்னீங்க?

ஜிம்னிக்காரர்: மறுக்கல.

மேஸ்திரி: பெல்லந்தூர்ல போர் போட்ட ரிக்கு எங்க திருச்செங்கோட்டுக்காரங்களுதா இருக்குமுங்க. அவங்க ஆயிரம் அடிக்கு எறங்கிட்டுப் போயிட்டாங்க, நீங்க ஜிம்னியில கேனு தூக்கறீங்க. இத மொதல்லயே சொல்லக் கூடாதுங்களா? ஆறு கேனு, 120 கிலோவுக்குச் சொச்சம். தண்ணி ஆடற லோடு. கனம் எல்லாம் பின் அச்சுக்கு முன்னால, முன்சீட்டு முதுகுக்குப் பின்னால ஒட்டி நிக்கோணும். அச்சுக்குப் பின்னால ஏத்தினா மேட்டுல மூஞ்சி தூக்கிரும்.

(பிளைவுட் துண்டைத் திருப்பினார். இம்முறை எழுதவில்லை, வரைந்தார். ஆறு வட்டம், வட்டத்தைச் சுற்றிக் கட்டம், கட்டத்தின் உயரம் ஒரு சாண். லேப்டாப் படத்தை விட இது கோணலாக இருந்தது. ஆனால் இதில் ஒவ்வொரு கோட்டுக்கும் காரணம் இருந்தது.)

மேஸ்திரி: கேனு உருளாது. மேல ராட்செட் பெல்ட்டு ரெண்டு, குறுக்க. கட்டத்தக் கழட்டினா சமதளம். உங்க கூடாரம், ஸ்டவ்வு எல்லாம் வெச்சுக்கலாம். பின்கதவுப் பக்கம் ஒரே ஒரு டிராயரு, நாலு அங்குல உயரம். ஸ்பானரு, கயிறு, டார்ச்சு.

ஜிம்னிக்காரர்: ரெண்டு டிராயர்...

மேஸ்திரி: ஒண்ணு.

ஜிம்னிக்காரர்: ஃப்ரிட்ஜ் ஸ்லைடு?

மேஸ்திரி: ரெண்டு கேன எடுத்துட்டு அந்தக் கட்டத்துல ஐஸ் பெட்டி வெச்சுக்குங்க. தயிர்சாதம் தாங்கும்.

ஜிம்னிக்காரர்: (லேப்டாப்பில் ஏதோ தட்டிவிட்டு) ஓகே. டிராயிங்ல பேரை மாத்திட்டேன். 'எக்ஸ்பெடிஷன் வாட்டர் மாட்யூல், வெர்ஷன் ஒண்ணு'. இந்தப் பேர்ல போடலாமாண்ணா?

மேஸ்திரி: தாராளமாப் போடுங்க, பேருக்கு நான் காசு சேத்தறதில்ல. பலகைக்கும் சட்டத்துக்கும் மட்டும் பாதி அட்வான்ஸ் குடுத்துட்டுப் போங்க.